ஆறாம் அடுக்குக்கு 73: எஸ். எஸ். பிள்ளை எதை நிறுவினார்?

தென்காசி, செங்கோட்டை, நாகர்கோவில் பகுதி மாணவர்கள் தங்கள் வட்டாரத்துக் கணித அறிஞரான எஸ். எஸ். பிள்ளையைப் பற்றித் தேடிப் படிக்கும்போது, ஒன்றோடொன்று ஒட்டாத செய்திகளே அவர்களுக்குக் கிடைக்கின்றன. ‘வாரிங் சிக்கலைத் தீர்த்தவர் பிள்ளை’ என்கிறது ஒரு குறிப்பு. அதை ஜெர்மானியரான ஹில்பர்ட் 1909ஆம் ஆண்டிலேயே தீர்த்துவிட்டார் என்கிறது இன்னொன்று. அமெரிக்கரான டிக்சன் தீர்த்தார் என்று வேறொரு நூல் சொல்ல, அச்சிக்கலின் ஒரு பகுதிக்கு 1986 வரை விடை கிடைக்கவில்லை என்ற செய்தியும் கண்ணில் படுகிறது. போதாக்குறைக்கு, அவரைத் திருநெல்வேலிக்காரர் என்று சிலரும் திருவிதாங்கூர்க்காரர் என்று சிலரும் எழுதுகிறார்கள்.

இவற்றுள் எதுவும் பொய்யன்று. எந்த எண்ணையும் எத்தனை வர்க்கங்களின், கனங்களின் அல்லது மேலடுக்குகளின் கூட்டுத்தொகையாக எழுதிவிடலாம் என்பதே வாரிங் சிக்கல். அந்த ஒரே பெயருக்குள் படிப்படியாகக் கடினமாகும் பல கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொருவரும் அவற்றுள் ஒன்றுக்கு விடை கண்டவர். பிள்ளை விடை கண்டது எந்தக் கேள்விக்கு, எந்த நிபந்தனையோடு என்பது தெளிந்துவிட்டால், அவருடைய பணியின் அளவும் தெளிவாகும்.

எந்த வல்லம், எந்த மாநிலம்

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901 ஏப்ரல் 5 அன்று குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தார். தஞ்சாவூருக்குப் பக்கத்திலுள்ள வல்லம் வேறு. பழைய குறிப்புகள் திருநெல்வேலி மாவட்டம் என்றும் புதியவை தென்காசி மாவட்டம் என்றும் எழுதுவதில் முரண்பாடு இல்லை. தென்காசி தனி மாவட்டமானதே 2019 நவம்பரில்தான். தந்தை சுப்பையா பிள்ளை, தாய் கோமதி அம்மாள். தாயின் பெயரையும் மகனின் பெயரையும் சேர்த்துப் படிக்கும் அப்பகுதியினர் எவருக்கும், சங்கரநாராயணரும் கோமதி அம்மனும் குடிகொண்ட சங்கரன்கோவில் நினைவுக்கு வராமல் இருக்காது. குழந்தைக்கு ஒரு வயதாகும்போது தாய் இறந்தார். பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் தந்தையும் இறந்தார். ஆசிரியர் ஒருவரின் ஆதரவாலும் உதவித்தொகையாலும் படிப்பு நிற்காமல் தொடர்ந்தது.

அவர் படித்த கல்லூரிகளைப் புரிந்துகொள்ள அன்றைய எல்லைக்கோட்டை மனத்தில் கொள்ள வேண்டும். செங்கோட்டையும் நாகர்கோவிலும் 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாட்டோடு இருந்தவை அல்ல. திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், 1949க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவை. வல்லத்திலிருந்து மலையைக் கடந்தால் திருவனந்தபுரம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். சென்னையோ 600 கிலோமீட்டருக்கும் மேல். ஆகவே பிள்ளை நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்துவிட்டு, பட்டப்படிப்புக்குத் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரிக்குப் போனதில் வியப்பில்லை. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் திருவனந்தபுரத்தில் படிப்பது அக்காலத்தில் மிக இயல்பான வழக்கம்.

திருவிதாங்கூருக்கெனப் பல்கலைக்கழகம் 1937இல்தான் அமைந்தது. அதற்கு முன் திருவனந்தபுரம் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்ததால், பிள்ளை திருவிதாங்கூரில் படித்தவர் என்பதும் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரி என்பதும் ஒருசேர உண்மை. அவரை இன்றைய இரு மாநிலங்களில் ஒன்றுக்கு மட்டும் உரியவராக எழுத முயல்பவர்கள், அவர் இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின்பு போடப்பட்ட கோட்டைக் கொண்டு அவரை அளக்கிறார்கள்.

1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. அங்கே அவருக்கு வழிகாட்டியவர்கள் கே. ஆனந்த ராவும் ஆர். வைத்தியநாதசுவாமியும். ஆனந்த ராவ் கேம்பிரிட்ஜில் ஆங்கிலேயக் கணித அறிஞரான ஹார்டியிடம் பயின்றவர். ராமானுஜன் அங்கிருந்த ஆண்டுகளில் தாமும் அங்கிருந்தவர். ஹார்டியின் பள்ளியில் உருவான பகுமுறை எண்கோட்பாடு, அதாவது முழு எண்களைப் பற்றிய கேள்விகளுக்கு நுண்கணிதத்தின் கருவிகளைக் கொண்டு விடை தேடும் முறை, இந்த வழியாகத்தான் பிள்ளையின் கைக்கு வந்தது. அவர் கப்பலேறிப் போய் அதைக் கற்கவில்லை. அவருடைய படிப்பும் ஆய்வும் முழுவதுமாக இந்தியாவில் நடந்தவை.

வாரிங்கின் கேள்வி: அடிப்படை

1. ஓர் எண்ணை அதே எண்ணால் ஒருமுறை பெருக்கினால் வர்க்கம். இன்னொருமுறை பெருக்கினால் கனம். அப்படியே நான்காம் அடுக்கு, ஐந்தாம் அடுக்கு என்று தொடரும். 2இன் ஆறாம் அடுக்கு 64. 3இன் ஆறாம் அடுக்கு 729.

2. இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வர்டு வாரிங் 1770இல் நிரூபணம் தராமல் ஒரு கூற்றை வெளியிட்டார். எந்த இயல் எண்ணையும் அதிகபட்சம் 4 வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகவோ, 9 கனங்களின் கூட்டுத்தொகையாகவோ, 19 நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகையாகவோ எழுதிவிடலாம். மேற்பட்ட அடுக்குகளுக்கும் இப்படி ஒரு வரம்பு உண்டு என்பது அதன் சாரம். வர்க்கத்துக்கு 4 போதும் என்பதை அதே 1770இல் லக்ராஞ்ச் நிறுவினார்.

3. எல்லா அடுக்குகளுக்கும் ஏதோ ஒரு வரம்பு இருக்கிறது என்று 1909இல் ஹில்பர்ட் நிறுவினார். வரம்பு இருப்பது உறுதியாயிற்றே தவிர, ஒவ்வோர் அடுக்குக்கும் அது எந்த எண் என்பது அந்த நிரூபணத்திலிருந்து கிடைக்கவில்லை. ஹில்பர்ட் தீர்த்தார் என்று எழுதுபவர்கள் குறிப்பிடுவது இந்தப் படியை.

4. அந்த எண்ணைத் துல்லியமாகச் சொல்வது அடுத்த படி. பிள்ளையும் டிக்சனும் வருவது இங்கேதான்.

5. இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறொரு கேள்வியும் உண்டு. 9 கனங்கள் தேவைப்படும் எண்கள் 23, 239 ஆகிய இரண்டு மட்டுமே. மற்ற எல்லாவற்றுக்கும் 8 போதும். ‘எல்லா எண்களுக்கும்’ எத்தனை தேவை என்பது ஒரு கேள்வி. ‘போதிய அளவு பெரிய எண்களுக்கு’ எத்தனை தேவை என்பது மற்றொன்று. 73 என்பது முதல் வகைக் கேள்விக்கான விடை.

73 எங்கிருந்து வருகிறது

விடையின் ஒரு பாதியைப் பள்ளி மாணவரும் தாமே கண்டுபிடிக்கலாம். ஒரு கடையில் 1 ரூபாய், 64 ரூபாய், 729 ரூபாய், அதற்கு மேல் 4இன் ஆறாம் அடுக்கு என்று ஆறாம் அடுக்கு மதிப்புள்ள பணம் மட்டுமே செல்லும் என்று கொள்வோம். 703 ரூபாய் கொடுக்க வேண்டும். 729 பெரிய நோட்டு, அது உதவாது. பத்து 64 ரூபாய் நோட்டுகளைக் கொடுத்தால் 640 ஆகும். பதினொன்று கொடுத்தால் 704 ஆகி, ஒரு ரூபாய் கூடிவிடும். ஆகவே மீதி 63 ரூபாயையும் ஒற்றை ரூபாய்களாகத்தான் கொடுக்க வேண்டும். பத்தும் அறுபத்து மூன்றும் சேர்ந்து 73. இதைவிடக் குறைவாகக் கொடுக்க வழியில்லை.

இதையே எல்லா அடுக்குகளுக்கும் பொதுவாகச் சொல்லலாம். 3இன் குறிப்பிட்ட அடுக்கை 2இன் அதே அடுக்கால் வகுத்தால் வரும் ஈவை எடுத்துக்கொள்ள வேண்டும். 2இன் அந்த அடுக்கோடு ஈவைக் கூட்டி, 2ஐக் கழித்தால் வரும் எண்ணுக்குக் குறைவான வரம்பு இருக்க முடியாது. சோதித்துப் பார்ப்போம்:

- கனம்: 27ஐ 8ஆல் வகுத்தால் ஈவு 3; 8 + 3 − 2 = 9.
- நான்காம் அடுக்கு: 81ஐ 16ஆல் வகுத்தால் ஈவு 5; 16 + 5 − 2 = 19.
- ஐந்தாம் அடுக்கு: 243ஐ 32ஆல் வகுத்தால் ஈவு 7; 32 + 7 − 2 = 37.
- ஆறாம் அடுக்கு: 729ஐ 64ஆல் வகுத்தால் ஈவு 11; 64 + 11 − 2 = 73.

இந்தக் கீழ்வரம்பு பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தெரிந்தது. ஆய்லரின் மகன் யோகான் ஆல்பிரெக்ட் ஆய்லர் அதைச் சுட்டிக்காட்டியிருந்தார். 73க்குக் குறையாது என்பதற்கு 703 என்ற ஒரே எண் சாட்சியாகிவிடுகிறது. 73க்கு மேல் எந்த எண்ணுக்கும் தேவைப்படாது என்பதற்கோ எல்லா எண்களையும் பற்றி ஒரே மூச்சில் பேச வேண்டும். சிக்கலின் கடுமை முழுவதும் இந்த இரண்டாம் பாதியில் இருக்கிறது.

பிள்ளை நிறுவியதும் அதிலுள்ள நிபந்தனையும்

1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய அதே ஆண்டில் பிள்ளை அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தார். வாரிங் சிக்கலைப் பற்றிய அவருடைய முதன்மையான கட்டுரைகள் 1935, 1936ஆம் ஆண்டுகளில் அங்கிருந்து வெளிவந்தன.

அவர் கையாண்ட வழி இரண்டு கட்டங்கள் கொண்டது. முதலில், ஒரு குறிப்பிட்ட மாபெரும் எண்ணுக்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் அந்த வரம்பு போதும் என்று பகுமுறைக் கருவிகளால் காட்ட வேண்டும். ஹார்டியும் ராமானுஜனும் 1918இல் எண் பிரிவினைகளுக்காக (ஓர் எண்ணைச் சிறு எண்களின் கூட்டுத்தொகையாக எத்தனை வழிகளில் எழுதலாம் என்ற கணக்குக்காக) உருவாக்கி, ஹார்டியும் லிட்டில்வுட்டும் 1920களில் வாரிங் சிக்கலுக்கு விரிவாக்கி, சோவியத் நாட்டு வினோகிராதோவ் மேலும் கூர்மையாக்கிய வட்ட முறை இதற்குப் பயன்பட்டது. பின்னர், அந்த மாபெரும் எண்ணுக்குக் கீழே எஞ்சும் எண்களைக் கணக்கிட்டு முடிக்க வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க யாராலும் இயலாது. ஒரு சிறிய இடைவெளியிலுள்ள எண்கள் அனைத்தையும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அடுக்குகளால் எழுத முடியும் என்று தெரிந்தால், மேலும் ஓர் அடுக்கைச் சேர்த்துக்கொண்டு அதைவிடப் பெரிய இடைவெளியைக் கைப்பற்றலாம். இப்படி ஏறி ஏறிப் பகுமுறை தொடங்கும் இடத்தைத் தொட வேண்டும். கணினி இல்லாத காலத்தில் இந்த ஏற்றத்தின் அடித்தளமான அட்டவணைகள் கையால் போடப்பட்டன.

இவ்வழியில் அவர் அடைந்த முடிவு நிபந்தனையோடு கூடியது. 3இன் அடுக்கை 2இன் அடுக்கால் வகுக்கும்போது ஈவு மட்டுமல்லாமல் மீதியும் கிடைக்கிறது. ஈவும் மீதியும் சேர்ந்து 2இன் அந்த அடுக்கைத் தாண்டாமல் இருந்தால், மேலே சொன்ன எண்ணே சரியான விடை. ஆறாம் அடுக்கில் ஈவு 11, மீதி 25, கூட்டினால் 36, அது 64க்குள் அடங்குகிறது. ஐந்தாம் அடுக்கில் ஈவு 7, மீதி 19, கூட்டினால் 26, 32க்குள் அடங்குகிறது, ஆனால் சற்று நெருங்கிவிடுகிறது. எங்காவது ஓர் அடுக்கில் இந்தக் கூட்டுத்தொகை மீறிவிட்டால் விடை வேறு வடிவம் எடுக்கும். எஞ்சிய விளிம்பு நிலைகளை ருபுகுண்டே 1942இலும் ஐவன் நிவன் 1944இலும் முடித்துவைத்தனர்.

சிகாகோவிலிருந்த லெனார்டு டிக்சனும் ஏழாம் அடுக்கு முதலான அடுக்குகளுக்கு இதே முடிவைப் பிள்ளையைச் சாராமல், அதே காலத்தில் அடைந்தார். சில மாத வேறுபாட்டில் யார் முந்தினார் என்ற வழக்கை நம் ஊர்க் கட்டுரைகள் பெரிதாக்குகின்றன. அது தேவையற்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து. கணித நூல்கள் இருவர் பெயரையும் சேர்த்தே குறிப்பிடுகின்றன. பெரிய நூலகமும் மாணவர் கூட்டமும் சூழ்ந்திருந்த டிக்சனுக்கு ஈடாக, தொடங்கி ஆறேழு ஆண்டுகளே ஆன ஒரு பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர் அதே இடத்தில் நின்றார் என்பது போதுமான பெருமை.

இருவருக்கும் பொதுவல்லாத, பிள்ளைக்கே உரிய வெற்றி ஆறாம் அடுக்குதான். அடுக்கு சிறிதாகச் சிறிதாகச் சிக்கல் எளிதாகும் என்று தோன்றலாம், நடப்பதோ எதிர்மாறு. சிறிய அடுக்குகளில் வரம்பெண்ணும் சிறிது. ஆகவே பகுமுறைக்கு வேண்டிய தளர்வு கிடைப்பதில்லை, அது செயல்படத் தொடங்கும் எண் எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. ஏழு முதல் மேலே வெற்றி பெற்ற முறைகள் ஆறில் முட்டி நின்றதற்கு இதுவே காரணம். பிள்ளை 1940இல், பெங்களூரு இந்திய அறிவியல் அகாதெமியின் ஆய்விதழில், ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என்று நிறுவி அந்தத் தடையைத் தாண்டினார். அதற்கடுத்த ஐந்தாம் அடுக்குக்கு 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சீனரான சென் சிங்ருன் 37 என்று நிறுவினார். நான்காம் அடுக்குக்கு 19 என்பதை இந்தியரான ஆர். பாலசுப்பிரமணியனும் பிரெஞ்சுக்காரர்களான தெசூயேர், திரெஸ் ஆகியோரும் 1986இல் முடித்தனர். 1770இல் வாரிங் எழுதிய மூன்று எண்களில் கடைசியாக உறுதிப்பட்டது அதுதான்.

அடுக்கெண்களுக்கு இடையிலான இடைவெளி

வாரிங் சிக்கலைவிட, கணித உலகில் பிள்ளையின் பெயரை இன்றும் புழக்கத்தில் வைத்திருப்பது அவர் விடை காணாமல் விட்டுச்சென்ற ஒரு கேள்வி. ‘பிள்ளை ஊகம்’ என்று அதை அழைக்கிறார்கள். ஊகம் என்பது, உண்மை என்று நம்பக் காரணங்கள் இருந்தும் நிரூபணம் கிடைக்காத கூற்று.

வர்க்கம், கனம், மேற்பட்ட அடுக்கு எதுவாயினும் சரி, எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எழுதினால் இப்படி வரும்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36, 49, 64, 81, 100, 121, 125, 128. அடுத்தடுத்த எண்களின் இடைவெளிகள் 3, 4, 1, 7, 9, 2, 5, 4, 13, 15 என்று ஏறியும் இறங்கியும் போகின்றன. 121க்குப் பின் 21 வரை போன இடைவெளி மறுபடி 4க்கும் 3க்கும் இறங்குகிறது. இவ்வளவு ஒழுங்கற்ற வரிசையைப் பற்றிப் பிள்ளை துணிந்து சொன்னது இது: எந்த இடைவெளியை எடுத்துக்கொண்டாலும், அது வரிசையில் வரம்பின்றித் திரும்பத் திரும்ப வராது, ஓர் எல்லைக்கு மேல் மறைந்தே போகும். அலிகாரில் நடந்த இந்தியக் கணிதச் சங்க மாநாட்டில் முன்வைத்த இக்கருத்தை அவர் 1945இல் கல்கத்தா கணிதச் சங்கத்தின் ஆய்விதழில் அச்சேற்றினார்.

இதன் முன்னோடி, பெல்ஜியத்தைச் சேர்ந்த கத்தலான் 1844இல் எழுப்பிய கேள்வி. 8, 9 தவிர 1 என்ற இடைவெளியில் வேறு இணை இல்லை என்றார் அவர். அதாவது, முடிவில்லாத பல இடைவெளிகளில் ஒன்றை மட்டும் அவர் கேட்டார். பிள்ளை எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டார். கத்தலானின் கேள்விக்கு விடை வர 2002 ஆயிற்று. ருமேனியாவில் பிறந்த மிஹைலெஸ்கு அதை நிறுவினார். பிள்ளையின் கேள்வியில் 1 என்ற இடைவெளி மட்டும் அதனால் தீர்ந்தது. 2 முதற்கொண்டு ஒன்றுகூடத் தீரவில்லை.

ஓரளவு முன்னேற்றத்தைப் பிள்ளையே கண்டிருந்தார். இரண்டு அடி எண்களை, 2, 3 என்பதுபோல், முன்னதாக நிலையாக வைத்துக்கொண்டால், அவற்றின் அடுக்குகளுக்கு இடையே ஓர் அளவுக்கு மேற்பட்ட எந்த வேறுபாடும் ஒருமுறைக்கு மேல் வராது என்று 1936இல் நிறுவினார். 2, 3 ஆகியவற்றைப் பொறுத்தவரை, ஒரே வேறுபாடு இருமுறை வரும் நிகழ்வுகள் மூன்றுதான் என்பது அவர் கருத்து: 3 − 2 = 9 − 8; 8 − 3 = 32 − 27; 16 − 3 = 256 − 243. இதை ஸ்ட்ரூக்கர், டைட்மன் என்ற டச்சுக் கணிதர்கள் 1982இல் உறுதிசெய்தனர். நாற்பதாண்டுகளுக்கு மேல் நின்ற ஒரு கணிப்பு பிசகாமல் பலித்தது என்பதைக் கொண்டு அவருடைய பொது ஊகத்தின் மேல் கணித அறிஞர்கள் கொண்டுள்ள நம்பிக்கையைப் புரிந்துகொள்ளலாம்.

பதினேழு எண்கள்

பிள்ளையின் முடிவுகளில், எந்தப் பின்புலமும் இல்லாத வாசகர் தாமே சரிபார்க்கக்கூடியது ஒன்று உண்டு. 1 தவிர வேறு பொது வகுத்தி இல்லாத இரண்டு எண்களைச் சார்பகா எண்கள் என்பர். அடுத்தடுத்து வரும் எண்களில் 16 வரை எத்தனை எடுத்தாலும், மற்ற எல்லாவற்றோடும் சார்பகா எண்ணாக நிற்கும் ஓர் எண்ணாவது அவற்றுள் இருந்தே தீரும் என்று 1940ஐ ஒட்டிய கட்டுரைகளில் அவர் நிறுவினார். 17 எண்களில் இது பொய்க்கிறது. 2184 முதல் 2200 வரை எடுத்துப் பாருங்கள்: இரட்டை எண்கள் 2ஐப் பகிர்கின்றன, 2187, 2193, 2199 ஆகியவை 3ஐ, 2185, 2195 ஆகியவை 5ஐ, 2191 என்பது 2184உடன் 7ஐ, 2189 என்பது 2200உடன் 11ஐ, 2197 என்பது 2184உடன் 13ஐ. தனித்து நிற்க ஓர் எண்ணும் மிஞ்சவில்லை. 17 முதல் 430 வரை எத்தனை எண்கள் எடுத்தாலும் இத்தகைய வரிசைகள் உண்டு என்று பிள்ளை காட்ட, 17க்கு மேற்பட்ட எல்லாவற்றுக்கும் அது பொருந்தும் என்று ஆல்ஃபிரட் பிரௌவர் 1941இல் நிறைவுசெய்தார்.

இது வெறும் விளையாட்டன்று. அடுத்தடுத்த எண்களின் பெருக்கற்பலன் ஒருபோதும் முழு வர்க்கமாகவோ கனமாகவோ மேலடுக்காகவோ அமையாது என்ற பழைய கேள்வியில், 16 எண்கள் வரையிலான பகுதியை இதைக் கொண்டே பிள்ளை முடித்தார். முழுக் கேள்வியும் 1975இல்தான் எர்டிஷ், செல்ஃபிரிட்ஜ் ஆகியோரால் தீர்ந்தது.

சர்வதமன் சௌலாவோடு 1930இல் எழுதிய கூட்டுக் கட்டுரை, மீப்பெரு பொது வகுத்திகளைக் கூட்டி அமையும் ‘பிள்ளை சார்பு’, 23இல் தொடங்கும் ‘பிள்ளை பகா எண்கள்’ ஆகியவையும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

சிதம்பரம், திருவனந்தபுரம், கல்கத்தா

பணி வரலாறு சுருக்கமானது. 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1941இல், தாம் பட்டம் பெற்ற திருவனந்தபுரத்துக்கே, அப்போது நான்கு வயதே ஆகியிருந்த திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். ஓராண்டில் கல்கத்தா. அங்கே கணிதத் துறைக்குத் தலைமை வகித்தவர், நாஜி ஜெர்மனியில் யூதர் என்பதால் வேலையிழந்து இந்தியா வந்த ஃபிரீடரிக் லெவி. பிள்ளையை அழைத்தவர் அவரே.

அண்ணாமலையிலிருந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான் அவருடைய பெரிய முடிவுகளில் மிகப் பல அமைந்தன. வெளிநாட்டுப் பட்டம் இல்லாத ஒருவர் எண்கோட்பாட்டின் முன்வரிசையில் நிற்க முடிந்ததற்கு, அன்று சென்னையில் ஆனந்த ராவ் ஏற்படுத்தியிருந்த பயிற்சியும், இந்தியக் கணிதச் சங்கத்தின் ஆய்விதழும், 1934இல் சர் சி. வி. ராமன் தொடங்கிய அறிவியல் அகாதெமியின் ஆய்விதழும் காரணங்கள். அனுப்பிய கட்டுரை கப்பலில் போய்த் திரும்பக் காத்திருக்க வேண்டாம் என்ற வசதி அவற்றால் கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை, இங்கே அச்சான முடிவு அங்கே படிக்கப்படத் தாமதமானது.

1950 ஆகஸ்ட்

1950இல் இரண்டு அழைப்புகள் ஒன்றாக வந்தன. ஒன்று, பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு தங்கி ஆராய்வதற்கு. மற்றது, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆகஸ்ட் 30 முதல் செப்டம்பர் 6 வரை நடந்த உலகக் கணித மாநாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகக் கலந்துகொள்வதற்கு. உலகப் போரால் 1936க்குப் பிறகு தடைப்பட்டிருந்த மாநாடு அது.

பம்பாயிலிருந்து கெய்ரோ, ரோம் வழியாக நியூயார்க் செல்லும் டிடபிள்யூஏ 903 விமானத்தில் அவர் பயணம் செய்தார். ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோவிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் என்ஜினில் தீப்பற்றி, திரும்ப முயன்ற விமானம் பாலைவனத்தில் விழுந்தது. அதிலிருந்த 55 பேரும் இறந்தனர். பிள்ளைக்கு வயது 49.

இன்று எஞ்சியிருப்பவை

1. வாரிங் சிக்கலில் பிள்ளையும் டிக்சனும் வைத்த நிபந்தனை எல்லா அடுக்குகளிலும் நிறைவேறுகிறதா என்பது இன்னும் நிறுவப்படவில்லை. அது மீறப்படும் அடுக்குகள் இருந்தாலும் அவை எண்ணிக்கையில் முடிவுள்ளவை என்று குர்ட் மாலர் 1957இல் நிறுவினார். ஆனால் அவை எங்கே இருக்கக்கூடும் என்பதை அந்த நிரூபணம் சொல்லாது. குபினா, வுண்டர்லிக் ஆகிய இருவர் 1990இல் 47 கோடியே 16 லட்சமாவது அடுக்கு வரை கணினியால் சோதித்தார்கள்; ஒரு மீறல்கூட இல்லை. ஆகவே ‘வாரிங் சிக்கல் முழுதும் தீர்ந்தது’ என்று இன்றும் எழுத முடியாது.

2. பிள்ளையின் கட்டுரைகள் ராமானுஜன் கணிதச் சங்கத்தால் 2010இல் தொகுத்து வெளியிடப்பட்டன. தொகுத்தவர்கள் ஆர். பாலசுப்பிரமணியனும் ஆர். தங்கதுரையும், முதலாமவர், நான்காம் அடுக்குக்கு 19 என்று நிறுவிய மூவரில் ஒருவர். அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்விதழ் போன்ற, எளிதில் கிடைக்காத இதழ்களில் புதைந்திருந்தவை இதனால் கைக்கெட்டின.

3. இடைவெளி பற்றிய ஊகம், 1985இல் மாசர், ஓஸ்டர்லே ஆகியோர் முன்வைத்த மற்றொரு பெரிய ஊகத்தின் விளைவாகக் கிடைக்கும்; இரண்டைக் கூட்டினால் மூன்றாவதைத் தரும் மூன்று எண்களின் பகாக் காரணிகளைப் பற்றியது அது. ஜப்பானியரான மோச்சிசுகி அதை நிறுவியதாக 2012இல் அறிவித்தும், கணித உலகம் அதைப் பரவலாக ஏற்கவில்லை. அந்த ஊகம் உறுதிப்படும்வரை பிள்ளையின் கேள்வி ஒவ்வோர் இடைவெளிக்கும் தனித்தனியே திறந்தே கிடக்கிறது. நடுவே வேறு அடுக்கெண் நிற்கும் இணைகளையும் சேர்த்துக்கொண்டால், 7 என்ற இடைவெளிக்கு 1-8, 9-16, 25-32, 121-128, 32761-32768 ஆகிய இணைகள் தெரியும். இவற்றுக்கு மேல் இல்லை என்று காட்ட யாராலும் முடியவில்லை. 6 என்ற இடைவெளியில் ஓர் இணைகூட இதுவரை அகப்படவில்லை. அப்படி ஓர் இணை இருக்கவே முடியாது என்பதற்கும் நிரூபணம் இல்லை.